வானத்துக்கு ஒரு பெட்டி: ஹாம் ரேடியோவும் உயரப் பலூனும்

மதுரைக்காரர்களுக்கு ரேடியோ அலையின் குணத்தைப் புரியவைக்கக் கொடைப் பண்பலை ஒன்றே போதும். 100.5 மெகாஹெர்ட்ஸ். சோழவந்தான் டீக்கடையிலும் கேட்கும், அருப்புக்கோட்டை பஸ்ஸிலும் கேட்கும். ஒரே நிலையம் இத்தனை ஊருக்கு எட்டுவதற்குக் காரணம், அதன் கோபுரம் பழனி மலையின் மேல் நிற்பதுதான். தூர்தர்ஷன் காலத்தில் நம் மொட்டை மாடிகளில் மீன்முள் மாதிரி நின்ற ஆண்டெனாக்கள் எல்லாம் மேற்கே கொடைக்கானலைப் பார்த்துத் திரும்பி நின்றதும் இதனால்தான்.

பண்பலை அலையும் அதைவிட அதிர்வெண் கூடிய அலைகளும் ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். பூமி உருண்டையாக இருப்பதால் ஒரு தூரத்துக்கு மேல் தரையே மறைத்துவிடும். அந்தத் தூரத்தைக் கண்டுபிடிக்க எளிய கணக்கு ஒன்று உண்டு. ஆண்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4 ஆல் பெருக்குங்கள். எத்தனை கிலோமீட்டருக்கு அந்த ஆண்டெனா எட்டும் என்று வந்துவிடும். கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர். வர்க்கமூலம் 46-க்குச் சற்றுக் கீழே, 4 ஆல் பெருக்கினால் 180 கிலோமீட்டருக்கு மேல். நம் மொட்டை மாடி 10 மீட்டர் என்றால் 13 கிலோமீட்டர்தான். ரோட்டில் நின்று வாக்கி டாக்கி பிடித்தால் 5 கிலோமீட்டர். பேசுகிற இருவரின் தூரத்தையும் கூட்டினால் அவர்களுக்குள் தொடர்பு எதுவரை கிடைக்கும் என்று தெரியும்.

இப்போது 28,000 மீட்டருக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 670 கிலோமீட்டர் வரும். மதுரைக்கு நேர் மேலே அவ்வளவு உயரத்தில் ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டர் இருந்தால், சென்னை, பெங்களூரு, திருவனந்தபுரம், கடல் தாண்டிக் கொழும்பு என்று எல்லா ஊரும் அதன் பார்வைக்குள் வந்துவிடும். அந்த உயரத்துக்கு ஒரு பெட்டியைக் கொண்டுபோகிற மலிவான வாகனம் ரப்பர் பலூன். பெட்டியில் ரேடியோவை வைத்து அனுப்பி, அது எங்கே போகிறது என்று தரையிலிருந்து பின்தொடர்ந்து, இறங்கியதும் தேடி எடுப்பதை உலகம் முழுக்க ஹாம் ரேடியோ ஆர்வலர்கள் செய்கிறார்கள். ஹாம் ரேடியோ என்றால், அரசிடம் தேர்வு எழுதி உரிமம் வாங்கி, லாப நோக்கம் இல்லாமல் ரேடியோவில் பேசவும் சோதனை செய்யவும் அனுமதி பெற்றவர்களின் பொழுதுபோக்கு.

இந்த வேலையின் தொடக்கம் பழசு. 1930 ஜனவரி 30 அன்று லெனின்கிராட் அருகே பாவ்லோவ்ஸ்கில் பாவெல் மோல்ச்சனோவ் என்ற வானிலை அறிஞர், வெப்பநிலையையும் அழுத்தத்தையும் ரேடியோவில் சொல்லிக்கொண்டே ஏறுகிற கருவி ஒன்றைப் பலூனில் கட்டி விட்டார். இன்றைக்கும் வானிலை நிலையங்கள் அதையேதான் நாள் தவறாமல் செய்கின்றன. அந்தக் கருவிக்கு ரேடியோசாண்ட் என்று பெயர். ஹைதராபாத்தில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பலூன் மையமும் இருக்கிறது. அங்கே விடுகிற பிளாஸ்டிக் பலூன்கள் மிகப் பெரியவை, நாம் பேசப்போகும் ரப்பர் பலூன் அவற்றின் முன்னால் ஒரு சின்னப் பிள்ளை.

சரி, பலூனுக்கு வருவோம். இவற்றை எடையைச் சொல்லித்தான் அழைப்பார்கள். 600 கிராம் பலூன் என்றால் காலி ரப்பரின் எடை 600 கிராம். ஒரு கன மீட்டர் ஹீலியம் ஏறக்குறைய ஒரு கிலோவைத் தூக்கும். பலூன் 600 கிராம், பெட்டி, பாராசூட், நூல் எல்லாம் சேர்ந்து 800 கிராம், ஏறுவதற்கென்று கூடுதலாக 700 கிராம் இழுவை. ஆக 2.1 கிலோ, அதாவது இரண்டு கன மீட்டருக்குச் சற்று மேல் வாயு. நிரப்பி முடித்ததும் பலூனின் குறுக்களவு 1.6 மீட்டர், ஆள் உயரம். ஹைட்ரஜன் இன்னும் நன்றாகத் தூக்கும், விலையும் குறைவு. ஆனால் ஒரு பொறி பட்டால் தீப்பிடிக்கும். முதல் முறை செய்கிறவர்கள், பிள்ளைகளை வைத்துக்கொண்டு செய்கிறவர்கள், ஹீலியத்தைத் தவிர வேறு எதையும் தொடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வாயு போதுமா என்று பார்க்க ஒரு தண்ணீர் பாட்டில் போதும். மேலே சொன்ன கணக்கில் பலூனின் கழுத்தில் இருக்க வேண்டிய இழுவை 800-ம் 700-ம் சேர்ந்து 1,500 கிராம். பாட்டிலையும் நிரப்புகிற குழாய் முனையையும் சேர்த்துச் சரியாக 1,500 கிராம் வருகிற மாதிரி தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள். அதைப் பலூனின் கழுத்தில் கட்டித் தரையில் வைத்துவிட்டு வாயுவைத் திறக்கலாம். முதலில் பலூன் விரித்துப் போட்ட போர்வை மேல் தொளதொளவென்று கிடக்கும். பிறகு மெல்ல நிமிரும். பாட்டில் தரையில் உரசி ஆடும். ஏறவும் மாட்டாமல் இறங்கவும் மாட்டாமல் அந்தரத்தில் அது நிற்கிற நொடியில் வாயுவை மூடிவிட வேண்டும். எல்லாரும் கையுறை போட்டிருக்க வேண்டும், ஏனென்றால் விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசையும் நகமும் அந்த மெல்லிய ரப்பருக்கு ஆகாது. அப்புறம் கழுத்தை இறுக்கிக் கட்டி, மடித்து, இன்னொரு கட்டு.

விட்டதும் நொடிக்கு 5 மீட்டர் வாக்கில் ஏறும். மேலே போகப் போக வெளிக் காற்றின் அழுத்தம் குறைவதால் உள்ளே இருக்கும் வாயு விரிந்துகொண்டே போகும். 28 கிலோமீட்டரில் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் 60-ல் ஒரு பங்குதான். ஆள் உயரம் இருந்த பலூன் அங்கே 6 மீட்டர் குறுக்களவுக்கு, ஒரு மாடி வீட்டைவிட உயரமாகப் பருத்திருக்கும். அதற்கு மேல் ரப்பர் தாங்காது, வெடித்துவிடும். ஏறிப்போக ஒன்றரை மணி நேரம். அதன் பிறகு பெட்டி விழத் தொடங்கும். அங்கே காற்றே இல்லாத மாதிரிதான் என்பதால் முதலில் பாராசூட்டுக்குப் பிடிமானம் கிடைக்காது, வேகமாக விழும். கீழே வர வரக் காற்று அடர்ந்து, தரையைத் தொடும்போது நொடிக்கு 5 மீட்டராகத் தணிந்துவிடும்.

பெட்டி என்று சொன்னது மீன் ஏற்றுகிற தெர்மாகோல் பெட்டி வகைதான். எடை இல்லை, குளிரையும் தடுக்கும். நம் அட்சரேகையில் 17 கிலோமீட்டர் உயரம்தான் வழியிலேயே குளிரான இடம், மைனஸ் 80 டிகிரி வரை போகும். சித்திரை வெயிலில் மதுரையில் நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்தால், தலைக்கு மேலே 17 கிலோமீட்டரில் அப்படி ஒரு குளிர் இருக்கிறது என்று நம்பவே முடியாது. சாதாரண அல்கலைன் பேட்டரி அந்தக் குளிரில் செத்துவிடும். அதனால் லித்தியம் ஏ.ஏ. பேட்டரி போடுவார்கள், விலை கூடினாலும் இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

உள்ளே இருப்பவை மூன்றே சாமான்கள்: இருக்கும் இடத்தைச் சொல்கிற ஜி.பி.எஸ். சில்லு, அதை வரியாக எழுதித் தருகிற மைக்ரோ கன்ட்ரோலர், அந்த வரியை ஒலிபரப்புகிற டிரான்ஸ்மிட்டர். ஜி.பி.எஸ். விஷயத்தில் தொடக்கக்காரர்கள் பலர் ஏமாறுகிறார்கள். ஏவுகணையில் யாரும் பயன்படுத்திவிடக் கூடாது என்பதற்காக, பல ஜி.பி.எஸ். கருவிகள் 18 கிலோமீட்டர் உயரத்துக்கு மேல் போனால் தாமாகவே வாயை மூடிக்கொள்ளும். யூப்ளாக்ஸ் நிறுவனத்தின் சில்லுகள் 50 கிலோமீட்டர் வரை வேலை செய்யும், ஆனால் கடையிலிருந்து வரும்போது அவை கையில் எடுத்துச் செல்லும் கருவிகளுக்கு ஏற்ற நிலையில் இருக்கும், அந்த நிலையில் 12 கிலோமீட்டர்தான் எல்லை. விமான நிலைக்கு மாறு என்று நாம்தான் கட்டளை அனுப்ப வேண்டும். இந்த ஒரு வரியை நிரலில் எழுத மறந்தால், பலூன் மேலே நன்றாக இருக்கும்போதே பெட்டி எங்கே என்று தெரியாமல் போய்விடும். சில்லுக்கு மின்சாரம் ஒரு முறை விட்டு வந்தாலும் அந்தக் கட்டளை மறந்துபோகலாம். அதனால் சில நிமிடங்களுக்கு ஒரு முறை அதைத் திரும்ப அனுப்புகிற மாதிரி நிரல் எழுதுவது நல்லது.

ரேடியோவின் பலத்தைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். 10 மில்லிவாட் போதும். ஹாம்கள் கையில் வைத்திருக்கும் 5 வாட் வாக்கி டாக்கியில் இது 500-ல் ஒரு பங்கு. இடையில் கட்டடமோ மலையோ மரமோ எதுவும் மறைக்காதபோது, செய்தியையும் நிதானமாக அனுப்பினால், இந்தச் சிறு பலமே பல நூறு கிலோமீட்டர் தாண்டும். இந்தியாவில் ஹாம்களுக்கு 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையும், 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரையும் இடம் உண்டு. 434-க்கு ஆண்டெனா என்பது 17 சென்டிமீட்டர் கம்பி ஒன்று, அதோடு குடைக் கம்பி மாதிரி விரிந்த நான்கு கம்பிகள். பெட்டியின் அடியில் தலைகீழாகத் தொங்கவிடலாம். ஒரே குறை, கம்பியின் நுனி காட்டுகிற திசையில் அலை மிகக் குறைவாகப் போகும். பலூன் தலைக்கு நேர் மேலே இருக்கும்போது சிக்னல் மங்கினால் பயப்பட வேண்டாம், சற்று விலகியதும் திரும்பிவிடும்.

செய்தியை அனுப்பப் பல முறைகள் இருக்கின்றன. அதிகம் கேள்விப்படுவது ஏ.பி.ஆர்.எஸ். பாப் புரூனிங்கா என்ற அமெரிக்க ஹாம் உருவாக்கியது. ஒவ்வொரு முறையும் அழைப்புக் குறி (உரிமத்தோடு ஹாமுக்குக் கிடைக்கும் அடையாளப் பெயர்), அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், வேகம் ஆகியவற்றை ஒரு சிறு பொட்டலமாகக் கட்டி அனுப்பும். அதைக் கேட்கிற நிலையம் எதுவும் இணையத்தில் ஏற்றிவிட்டால், வீட்டில் இருப்பவர்கூட வரைபடத்தில் பார்க்கலாம். தரையில் ஓடும் கார்களுக்காகப் பொட்டலத்தைத் திரும்ப ஒலிபரப்பும் ரிப்பீட்டர்கள் உண்டு. பலூனில் அந்த வசதியை அளவுக்கு மேல் கேட்கக் கூடாது. மேலே இருந்து பேசினால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டரில் உள்ள எல்லா ரிப்பீட்டரும் ஒரே நேரத்தில் கேட்டு, ஒரே நேரத்தில் திரும்பச் சொல்லி, மற்றவர்கள் பேச முடியாமல் அலைவரிசையை அடைத்துவிடும். இப்போது பலர் லோரா முறைக்கு மாறுகிறார்கள். மலிவான சில்லு, இரைச்சலுக்கு அடியில் புதைந்த சிக்னலையும் தோண்டி எடுக்கும். புதிதாகச் செய்கிறவர்களுக்கு நான் சொல்வது லோராதான்.

பலூன் எங்கே போகும் என்பது காற்றின் கையில். அந்தக் காற்று நம் ஊரில் சுவாரசியமானது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறோமே, அது மேற்கிலிருந்து வரும் பருவக்காற்று. ஜூலையில் பலூன் விட்டால் முதலில் அந்தக் காற்று கிழக்கே, மானாமதுரைப் பக்கம் தள்ளும். ஏறக்குறைய 8 கிலோமீட்டருக்கு மேல் போனதும் கதை தலைகீழாகும். அங்கே கிழக்கிலிருந்து மேற்கே ஒரு பெரிய காற்றாறு ஓடுகிறது, 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில் அதன் உச்சம். வெப்பமண்டலக் கிழக்கு ஜெட் என்று அதற்குப் பெயர். 1958-ல் இதைப் பற்றி விரிவாக எழுதியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம். கிழக்கே போன பலூன் அந்தக் காற்றில் மாட்டித் திரும்பவும் மதுரைக்கு மேலே வந்து, மேற்கே தேனி, கம்பம் என்று போய்க்கொண்டே இருக்கும். பெட்டி மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் விழுந்தால் எடுக்கவே முடியாது. ஆகவே பருவக்காற்று மாதங்களில் மதுரையில் ஏவுவது தப்பு. பரமக்குடி, சிவகங்கைப் பக்கம் போய் ஏவினால் மதுரையின் சமவெளியில் இறங்க வாய்ப்பு உண்டு. இது பொதுக் கணக்குதான். ஏவுகிற வாரத்தில் ஒவ்வொரு நாளும் கணிப்பானில் போட்டுப் பார்க்க வேண்டும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்கள் எழுதிய கணிப்பான் ஒன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஏவும் இடம், நேரம், ஏறும் வேகம், வெடிக்கும் உயரம் கொடுத்தால் விழும் இடத்தை வரைபடத்தில் காட்டும். அது கடலையோ மலையையோ காட்டினால் அன்றைக்கு ஏவக் கூடாது.

இதுவரை சொன்னதெல்லாம் வேலையில் பாதிதான். பலூன் உச்சியில் இருக்கும்போது அதைக் கேட்காமல் இருப்பதுதான் கஷ்டம், அவ்வளவு தெளிவாக இருக்கும். சிரமம் தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெட்டி ராமநாதபுரம் அருகே, மதுரையிலிருந்து நேர்கோட்டில் 100 கிலோமீட்டரில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் போட்ட அதே கணக்குதான். நம் மாடிக்கு 13 கிலோமீட்டர் போக மீதி 87-ஐப் பெட்டி தன் உயரத்தால் எட்ட வேண்டும். 4 ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 470 மீட்டர் சொச்சம். அதற்குக் கீழே பெட்டி போனதும் மதுரையில் சத்தம் நின்றுவிடும். மீதி உயரத்தை அது ஒன்றரை நிமிடத்தில் இறங்கிவிடும், அதற்குள் காற்று அதை அரை கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும். சீமைக்கருவேலங்காட்டுக்குள் அரை கிலோமீட்டர் என்பது நாள் முழுக்கத் தேடுகிற வேலை.

இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, ரிசீவரோடு ஒரு வண்டி, பெட்டி இறங்கும் முன்பே அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும். பக்கத்தில் நின்றால் கடைசி மீட்டர் வரை கேட்கும், தரையில் கிடந்தாலும் கத்திக்கொண்டிருக்கும். இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது: கொடைக்கானலில் ஒரு நண்பரைக் கேட்கச் சொல்வது. அங்கிருந்து ராமநாதபுரம் ஏறக்குறைய 175 கிலோமீட்டர். மலையின் எட்டும் தூரமோ 180-க்கு மேல். சமவெளியைப் பார்த்த பக்கம் மறைப்பு இல்லாமல் அவர் உட்கார்ந்திருந்தால், கணக்குப்படி பெட்டி தரையைத் தொடுகிற வரை அவருக்குக் கேட்க வேண்டும். பழைய தூர்தர்ஷன் ஆண்டெனா மாதிரியான ஒரு யாகி ஆண்டெனா, அவர் கையில். அன்றைக்கு நாம் கொடைக்கானலைப் பார்த்துத் திருப்பினோம், இன்றைக்கு அவர் அங்கிருந்து நம்மைப் பார்த்துத் திருப்புகிறார்.

ஒரு முறை எங்கள் பெட்டியின் கடைசிச் செய்தி 480 மீட்டர் உயரத்தில் வந்து நின்றுபோனது. இளையான்குடிப் பக்கம் ஒரு கண்மாய்க் கரையில் தேடிக்கொண்டிருந்தோம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எதிரே வந்தார்.

“தம்பி, குடை மாதிரி ஒண்ணு எறங்குச்சே, அது உங்களுதா?”

“ஆமாங்கய்யா. எங்க இருக்கு?”

“வெயில்ல கெடந்துச்சு. உள்ள என்னமோ மெஷினு இருக்கும்னு நெழல்ல எடுத்து வச்சிருக்கேன், வாங்க.”

கருவேல மரத்தடியில் பெட்டி இருந்தது. பாராசூட்டை அழகாக மடித்து அதன் மேல் ஒரு கல்லும் வைத்திருந்தார். கடைசிச் செய்தி வந்த இடத்திலிருந்து அது 700 மீட்டர் தள்ளி. பெட்டியின் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் தமிழில் ஒட்டியிருந்தோம்: “இது ஆபத்து இல்லாத வானிலைச் சோதனைப் பெட்டி. கிடைத்தால் கீழே உள்ள எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.” அவருக்குப் படிக்கத் தெரியும், ஆனால் கையில் போன் இல்லை. அதிலிருந்து பெட்டியின் நான்கு பக்கமும் அந்தத் தாளை ஒட்டுகிறோம், இறங்கும் என்று கணித்த ஊர்களில் டீக்கடைகளில் முன்கூட்டியே சொல்லியும் வைக்கிறோம். வானத்திலிருந்து விழுந்த பெட்டியைப் பார்த்து யாரும் பயந்துபோகக் கூடாது.

அனுமதி விஷயத்தில் சலுகையே இல்லை. ஏறும் பலூன் 9 முதல் 12 கிலோமீட்டர் வரையிலான விமானப் பாதையைக் கடக்கப் பத்து நிமிடம் எடுக்கும். அவனியாபுரம் தாண்டினால் மதுரை விமான நிலையம், உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத் தளம். சர்வதேச விதிகளில் 4 கிலோவுக்குக் குறைவான சுமை இருந்தால் இலகு பலூன் என்ற வகை உண்டு, அதற்காகச் சொல்லாமல் விடலாம் என்று அர்த்தம் இல்லை. விமானப் போக்குவரத்து அதிகாரிகளுக்கு எழுதி, பதில் கையில் வந்த பிறகுதான் வாயு சிலிண்டருக்கே சொல்ல வேண்டும். ஏவும் ஊர்க் காவல் நிலையத்திலும் தெரிவிக்க வேண்டும். ரேடியோவுக்கு ஹாம் உரிமம் வேண்டும். 12 வயது நிறைந்தவர்கள் தேர்வு எழுதலாம், வி.யு.3 என்று தொடங்கும் அழைப்புக் குறி கிடைக்கும். பொது நிலைத் தேர்வு எழுதினால் வி.யு.2. பறக்கும் பலூனிலிருந்து ஒலிபரப்பப் போவதையும் உரிமம் தருகிற துறைக்கு எழுதிக் கேட்டுவிடுங்கள்.

இதெல்லாம் கூடிவர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை சும்மா இருக்க வேண்டாம், கேட்கப் பழகுங்கள். வானிலைத் துறை காரைக்காலில் ரேடியோசாண்ட் விடுகிறது. காலை 5:30 மணிக் கணக்குக்கு உரியதைச் சற்று முன்பாகவே விட்டுவிடுவார்கள். கம்ப்யூட்டரில் செருகி மென்பொருளால் இயக்குகிற, பென்டிரைவ் அளவிலான எஸ்.டி.ஆர். ரிசீவர் ஒன்று, மாடியில் கிழக்கு வடகிழக்கைப் பார்த்து ஒரு ஆண்டெனா. 400 முதல் 406 மெகாஹெர்ட்ஸ் வரை மெதுவாகத் தேடுங்கள். காரைக்கால் நமக்கு ஏறக்குறைய 218 கிலோமீட்டர். அதே வர்க்கமூலக் கணக்கில், அந்தப் பலூன் 2,600 மீட்டரைத் தாண்டினால்தான் மதுரை மாடிக்குத் தெரியும். விட்டு ஒன்பது நிமிடம் ஆகும் வரை திரையில் ஒன்றும் இருக்காது. பிறகு வெறும் இரைச்சலின் நடுவே மெல்லிய கோடு ஒன்று கீழிருந்து வளர ஆரம்பிக்கும். யானைமலைக்கு மேல் வானம் வெளுத்துக்கொண்டிருக்கும் நேரம் அது.